மூன்று நாளாகக் கேட்ட கல்

மலையடிவாரத்து மடத்தில் அம்மை என்றொரு துறவி இருந்தாள். அவளுடைய சீடர் சிகாமணி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சர்வேயர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். வேலையை விட்டாரே தவிர, கோபத்தை விடவில்லை.

மடத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. போன வாரம் ஒரு கன்றுக்குட்டி தவறி விழுந்து செத்தது. கயிறு கட்டி இறங்கி அதை மேலே கொண்டுவந்தவர் சிகாமணிதான். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

சுவர் எழுப்ப, பீகாரிலிருந்து வந்த பிர்ஜு என்ற கொத்தனாரை வைத்தார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது. அஸ்திவாரம் தோண்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"கல் எங்கடா?" என்றார் சிகாமணி.

"கல்" என்று தலையாட்டினான் பிர்ஜு.

மறுநாளும் கேட்டார். "கல், கல்" என்றான், சிரித்துக்கொண்டே.

மூன்றாம் நாள், தண்ணீர் சேந்த வந்த ஒருத்தி கால் வழுக்கி, மயிரிழையில் தப்பினாள். சிகாமணிக்கு உச்சந்தலை கொதித்தது.

"கல் எங்கேன்னு கேட்டா கல்லுங்கிறியே! என்னைப் பார்த்தா கிறுக்கன் மாதிரி இருக்கா?"

"கல், சாப்."

தோண்டிய மண்ணில் கிடந்த கல்லை எடுத்து வீசினார். பிர்ஜுவின் புருவம் கிழிந்தது.

அம்மை ஓடிவந்தாள். காயத்தைக் கழுவினாள். நிமிர்ந்தபோது அவள் முகமும் சிவந்திருந்தது.

"எதுக்கு அடிச்சீங்க?"

"மூணு நாளா நக்கல் பண்றான் அம்மா! கல்லைக் கேட்டா, கல்லுன்னு திருப்பிச் சொல்றான்!"

அம்மை ரத்தம் பட்ட அந்தக் கல்லை எடுத்து பிர்ஜுவிடம் காட்டினாள். "கல்?"

அவன் மிரண்டு பின்வாங்கினான். இல்லையென்று தலையசைத்தான். அந்தக் கல்லைச் சுட்டி, தன் பாஷையில் "பத்தர்" என்றான்.

"அப்போ, கல்?"

பிர்ஜு சூரியனைக் காட்டினான். விரலை மேற்கே இறக்கினான். கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடினான். பிறகு கிழக்கே கைகாட்டி, லாரி ஓட்டுவதுபோல் இரு கைகளையும் திருப்பினான்.

"நாளைக்கா?"

சிகாமணியின் குரல் இறங்கியது. உடனே மறுபடி ஏறியது.

"அவன் பாஷையில கல்லுன்னா நாளைன்னு எனக்கு எப்படித் தெரியும்? புரியாமப் போனதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அம்மை அந்தக் கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அவர் சொன்ன கல் உங்களுக்கு மூணு நாளா புரியலை. நீங்க எறிஞ்ச கல் அவருக்கு உடனே புரிஞ்சிருச்சு."