ஆடை எடுத்த பீப்பாய்

ஸ்பெயின் நாட்டுக்கு ஒயின் செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் ரோமானியர்கள் என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மன்னிக்க முடியாத பிழை. ரோமானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கடல் வணிகர்களான பினீசியர் கப்பலேறி வந்து, காதிஸ் கரையில் திராட்சைக் கொடியை ஊன்றிவிட்டார்கள்.

காதிஸுக்குப் பக்கத்தில் ஒரு மடத்தில் இருந்த எஃப்ரேன் என்ற துறவிக்கு இது தெரியும். கேட்காதவர்களுக்கும் சொல்வார். மற்றவர்கள் அவரைப் 'பினீசியர்' என்றே கூப்பிட்டார்கள்.

அவருக்குத் தெரியாதது வேறொன்று. அந்த மடத்து ஒயினின் மேல், பாலில் ஆடை படர்வதுபோல வெள்ளையாக ஒன்று படரும். ஒயினைக் கெடாமல் காப்பதே அதுதான். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று நினைத்த எஃப்ரேன், ஒரு பீப்பாய்க்குள் நீளக் கரண்டியை விட்டு அதைச் சுத்தமாக வழித்து எறிந்தார். ஒயின் புளித்துக் காடியாகிவிட்டது.

யார் வேலை இது என்று மடத்தலைவர் கேட்டார்.

"இசித்ரோ மூடாமல் விட்டிருப்பார்" என்றார் எஃப்ரேன்.

கிடங்கில் வேலை பார்த்த துறவி இசித்ரோவுக்குத் திக்குவாய். அவர் பதிலை முடிப்பதற்குள் ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எஃப்ரேனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலைப்பக்கம் ஆட்டு மணி கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த குரு தியோதோரோ ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, கெட்ட பீப்பாயிலிருந்து ஒரு குவளை மொண்டு நீட்டினார்.

"என்ன பினீசியரே, முகத்தைச் சுளிக்கிறீர்? குடியும்."

எஃப்ரேன் குடித்தார். தொண்டை எரிந்தது. பேச்சை மாற்றப் பார்த்தார்.

"குருவே, பினீசியர்களில் இங்கே முதலில் கொடி நட்டவர் யாராக இருக்கும்?"

"ஒரு துடுப்புக்காரன்."

"துடுப்புக்காரனா?"

"கப்பலில் யாரோ ஒரு ஜாடி ஒயினைக் கெடுத்துவிட்டுப் பழியை அவன்மேல் போட்டுவிட்டான். தலைவன் அவனை இந்தக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பாவம், பொழுது போக வேண்டாமா? கொடி நட்டான்."

எஃப்ரேனுக்குக் காது சிவந்தது. "இது எந்த நூலில் இருக்கிறது?"

"எதிலும் இல்லை. இப்போதுதான் நானே கதை கட்டினேன்."

எஃப்ரேன் குவளையைக் கீழே வைத்தார்.

"ஜாடியைக் கெடுத்தவன் என்ன ஆனான்?" என்று கேட்டார்.

"பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தான். பெரிய படிப்பாளி ஆனான். முதலில் கொடி நட்டவர் யார் என்று சாகும்வரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தான்."

எஃப்ரேன் தலையைத் தூக்காமல் எழுந்துபோய் மடத்தலைவரின் கதவைத் தட்டினார்.

இசித்ரோ கிடங்குக்குத் திரும்பி வந்தார். ஆடுகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ள எஃப்ரேனுக்கு ஒரு வாரம் பிடித்தது.