வாசலில் கை தட்டுகிறவர்கள்

மாய் தாரிரோவுக்கு வயது முப்பத்தாறு. அவருடைய சீடர் முசெக்கிவாவுக்கு அறுபத்தொன்று. சீடர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குரு அவரிடம்தான் மூன்றாம் வகுப்பு படித்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தாராளமாக அடி வாங்கி. ஆகவே இந்தக் கதையில் குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார்.

இது ஜிம்பாப்வேயின் கிழக்கு மலைகளை ஒட்டிய ஒரு கிராமத்தில் நடந்தது. அங்கே மாய் என்றால் அம்மா. எய்ட்ஸ் அந்த ஊரில் வீடு விடாமல் நுழைந்திருந்த காலம். மாய் தாரிரோவின் கணவரை அது கொண்டுபோயிற்று. அவர் உடம்பிலும் அது இருந்தது. காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

என்ன வேலை? படுத்துக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, துணி துவைத்துப் போடுவது, பெற்றவர்களை இழந்த பிள்ளைகளின் வயலில் களை கொத்துவது. அவரோடு பதினோரு பேர் வந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அன்றைய களிக்கே மாவு இருக்காது.

பன்னிரண்டாவது ஆளாக முசெக்கிவா வந்து சேர்ந்தார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் நியாரட்ஸோவின் வீட்டுக்குப் போனார்கள். அவளுக்குப் பதினைந்து வயது. அப்பா இறந்து நான்கு வருஷம், அம்மா இறந்து மூன்று மாதம். ஒன்பது வயதுத் தங்கையும் நான்கு வயதுத் தம்பியும் அவளோடு இருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் முற்றத்தின் விளிம்பிலேயே நின்றுவிட வேண்டும். உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டி "வரலாமா?" என்று கேட்க வேண்டும். வீட்டுக்குப் பெரியவர் "வாருங்கள்" என்ற பிறகுதான் காலை எடுத்து வைக்கலாம். இதை முப்பத்தெட்டு வருஷம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவர் முசெக்கிவா.

அவர் சோள மாவு மூட்டையோடு நேரே முற்றத்துக்குள் நுழைந்தார். பானையைத் திறந்து பார்த்தார். "ஏன் இன்னும் பெருக்கவில்லை?" என்று நியாரட்ஸோவைக் கேட்டார். பழக்கதோஷம் யாரை விட்டது?

திரும்பிப் பார்த்தால் மாய் தாரிரோவும் மற்றவர்களும் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மாய் தாரிரோ கை தட்டினார்.

"வரலாமா?"

நியாரட்ஸோ தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"வாருங்கள், வாருங்கள்" என்றார் முசெக்கிவா.

"உங்களைக் கேட்கவில்லை, சார்."

மாய் தாரிரோ மறுபடியும் தட்டினார். மறுபடியும் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணிடமிருந்து நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

"வாருங்கள்."

எல்லோரும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். மாய் தாரிரோ அவளிடம், "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கேட்டார். பெரியவர்களைக் கேட்கும் முறை அது. அதற்குப் பதிலும் முறையானது. அம்மா சொல்லிக் கேட்டிருந்ததால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கள் தூங்கியிருந்தால் நாங்களும் தூங்கினோம்."

"எந்த வயலில் களை எடுக்கட்டும்?"

"உங்கள் இஷ்டம்."

"வயல் உங்களுடையது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அவள் யோசித்தாள். "கரையான் புற்றுப் பக்கம். நிலக்கடலை" என்றாள்.

எல்லோரும் நிலக்கடலையில் இறங்கினார்கள். முசெக்கிவாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பக்கத்திலேயே மக்காச்சோளம் களைக்குள் மூழ்கிக் கிடந்தது.

"அம்மா, முதலில் சோளத்தில் அல்லவா கொத்த வேண்டும்? அவள் சொன்னது தப்பு."

"தப்புதான்."

"பிறகு ஏன் இங்கே குனிந்துகொண்டிருக்கிறோம்?"

"என் கணவர் தப்பாகச் சொன்ன காலத்திலும் ஊர் வந்து அவர் சொன்ன இடத்தில்தான் கொத்தியது, சார்."

முசெக்கிவா விடவில்லை. தலைமையாசிரியர் இல்லையா?

"மூன்று வீடுகளில் பேசி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். நல்லவர்கள். அதற்கு மேல் இந்த வீட்டில் என்ன இருக்கிறது? மூன்று குழந்தைகள், ஒரு பானை. பெரியவர் இல்லாத வீடு ஒரு வீடா?"

மாய் தாரிரோ ஒரு புல்லைப் பிடுங்கி மண்ணை உதறினார்.

அந்த மழைக்காலம் முழுக்க வாரம் இரண்டு முறை போனார்கள். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று தட்டினார்கள். முசெக்கிவாவும் தட்டினார், வேண்டா வெறுப்பாக. நியாரட்ஸோவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. ஒரு நாள், "இன்று சோளத்தில் கொத்துங்கள். போன தடவை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றாள்.

அறுவடைக்கு முன் ஒரு காலையில் முசெக்கிவா மூச்சிரைக்க மாய் தாரிரோவிடம் ஓடிவந்தார்.

"அம்மா, சுரங்க ஊரிலிருந்து அந்தப் பெண்ணின் சித்தப்பா கிஃப்ட்மோர் லாரியோடு வந்திருக்கிறான். கூரைத் தகரத்தைக் கழற்றுகிறான். மூத்தவளை அவன் வீட்டுச் சமையலுக்குக் கொண்டுபோகிறானாம். மற்ற இரண்டும் வேறு வேறு ஊருக்கு. ஊர்த் தலைவரைக் கூப்பிடுங்கள்! போலீசுக்குச் சொல்லுங்கள்!"

"இன்று அவர்கள் வயலுக்குப் போகும் நாள்தானே?"

"ஆமாம், ஆனால்..."

"அப்படியானால் போவோம்."

போனார்கள். முற்றத்தின் நடுவில் லாரி நின்றது. கிஃப்ட்மோர் கூரை மேல் இருந்தான். ஒரு தகரம் ஏற்கெனவே கீழே கிடந்தது. தங்கையும் தம்பியும் நியாரட்ஸோவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மாய் தாரிரோ விளிம்பில் நின்று கை தட்டினார்.

"வரலாமா?"

"வாங்க, வாங்க" என்றான் கிஃப்ட்மோர் மேலேயிருந்து.

யாரும் அசையவில்லை. மாய் தாரிரோ மறுபடியும் தட்டினார். அவர் பின்னால் மற்றவர்களும் தட்டினார்கள். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அது நிற்கவுமில்லை.

"அதுதான் வரச் சொல்லிவிட்டேனே! காது கேட்கவில்லையா?"

"கேட்டது, ஐயா. வீட்டுக்காரர் சொல்லட்டும்."

கிஃப்ட்மோர் சுற்றுமுற்றும் பார்த்தான். வந்தவர்கள் எல்லோருடைய கண்களும் ஒரே இடத்தில் இருந்தன. நியாரட்ஸோ தம்பியைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தாள். சித்தப்பா அப்பாவின் ரத்தம். அந்த ஊர் வழக்கப்படி அவரை எதிர்த்து ஒரு பெண் பேச முடியாது. முசெக்கிவா வாயைத் திறக்கப் போனார். மாய் தாரிரோ அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

கை தட்டல் தொடர்ந்தது.

"வாருங்கள்" என்றாள் நியாரட்ஸோ.

அவர்கள் உள்ளே வந்தார்கள். லாரியைச் சுற்றிக்கொண்டு போய் அவள் முன் தரையில் உட்கார்ந்தார்கள்.

"நன்றாகத் தூங்கினீர்களா?"

"நீங்கள் தூங்கியிருந்தால் நாங்களும் தூங்கினோம்."

பிறகு அவள் அண்ணாந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. மரியாதை குறையாமல் சொன்னாள்.

"சித்தப்பா, நீங்கள் கை தட்டாமல் வந்துவிட்டீர்கள்."

கூரை மேல் இருந்தவனுக்கு முகம் கறுத்தது. ஊரே உட்கார்ந்து பார்க்கிறது. சண்டை போட்டிருந்தால் அவனும் போட்டிருப்பான். இதற்கு என்ன செய்வது? மெல்ல இறங்கினான். கீழே கிடந்த தகரத்தைத் தாண்டி நடந்து, வாசலுக்கு வெளியே போய் நின்றான். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தான். பிறகு தட்டினான்.

"வரலாமா?"

நியாரட்ஸோ மாய் தாரிரோவைப் பார்த்தாள். மாய் தாரிரோ குனிந்து தம்பியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாருங்கள், சித்தப்பா. டீ போடுகிறேன்" என்றாள் அவள். "குடித்துவிட்டு அந்தத் தகரத்தை மேலே மாட்டிக் கொடுங்கள். நாங்கள் மூன்று பேரும் இங்கேதான் இருப்போம்."

மத்தியானம் லாரி காலியாகத் திரும்பிப் போயிற்று.

வீடு திரும்பும் வழியில் முசெக்கிவா கேட்டார்.

"அம்மா, அந்தப் பெண் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால்?"

"நின்றிருப்போம்."

"எவ்வளவு நேரம்? இருட்டும் வரைக்குமா?"

மாய் தாரிரோ நடையை நிறுத்தினார்.

"உங்கள் மகள் இதே நோயில் கிடந்தபோது, நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நிமோனியா என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, உங்கள் வாசலில் ஒன்பது நாள் நின்றோம், சார். பத்தாம் நாள்தான் 'வாருங்கள்' என்றீர்கள்."