நாலேகால் படி கம்ப்யூட்டர்

நெல்லடிமேடு மேலத்தெருவில் புத்திசாலிகள் நாலு பேர் இருந்தார்கள். அப்படித்தான் அவர்களே சொல்லிக்கொண்டார்கள், மறுத்துப் பேச ஊரில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாலு பேரும் கூடி, விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைத் தங்கள் கையாலேயே பூட்டினார்கள். பெட்டியும் ஃபேனும் யாக்கோபு வாங்கியது. மதர்போர்டு சுடலைமுத்து. பிராசஸரும் ரேமும் மைதீன். கிராபிக்ஸ் கார்டு அரிசிக்கடை செல்லக்கனி. கம்ப்யூட்டர் குடியிருந்ததும் அந்த அரிசிக்கடையின் பின்னறையில்தான்.

ஆளுக்கொரு பாகம் போட்டதால் விளையாட்டிலும் ஆளுக்கொரு பங்கு. திரையில் துப்பாக்கியோடு ஒரே ஒரு சிப்பாய்தான் நிற்பான். அவனை நடக்க வைப்பது சுடலைமுத்து, குதிக்க வைப்பது மைதீன். யாக்கோபு மவுஸை நகர்த்துவார். அந்த மவுஸின் பட்டன் மேல் ஒற்றை விரலை வைத்துக்கொண்டு, சுட வேண்டிய நேரத்துக்காகக் காத்திருப்பது செல்லக்கனி.

பாவம், செல்லக்கனி எட்டு வருஷமாகக் காத்திருந்தார். கல்யாண மண்டபத்தில் வருஷா வருஷம் கீழத்தெருவோடு போட்டி நடக்கும். நாலு மணிக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்கு முடிந்துவிடும். இவர்கள் கம்ப்யூட்டரில் விளையாட்டு திறக்கும்போது எதிராளி காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். எட்டுப் போட்டியில் செல்லக்கனி ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஒரே ஒரு குண்டு, அது சுவரில் பட்டாலும் சரி, சுட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஏக்கமாகவே ஆகிவிட்டது.

"இந்த வருஷம் பாகத்தை மாத்திருவோம்வே," என்றார். நாலு பேரும் டவுனுக்குப் போய் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

"பெரிய கார்டா போட்டா பெட்டிக்குள்ள நிக்கணும்ல. உள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்துட்டு வாங்க," என்றார் அண்ணாச்சி.

செல்லக்கனிக்கு அளவு சொல்லித்தர வேண்டுமா, பரம்பரை அரிசிக்கடை. கம்ப்யூட்டரை மல்லாக்கப் படுக்கவைத்து மூடியைத் திறந்து, படியால் அளந்து அளந்து புழுங்கலரிசியைக் கொட்டினார். தலை தட்டி நாலரைப் படி பிடித்தது. திருப்பிக் கொட்டி அளந்தால் நாலேகால்தான் வந்தது.

"அப்ப இடம் நாலரையா, நாலேகாலா?" என்று கேட்டார் சுடலைமுத்து.

இதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. கடைசியில் செல்லக்கனி தீர்ப்புச் சொன்னார். "உள்ள நின்ன கால் படி இடம் இனிமே அரிசிக்குச் சொந்தம். அதுல நாம கை வைக்கக் கூடாது. நாலேகால்னே சொல்லுவோம்."

நாலேகால் படி என்று கேட்டதும் அண்ணாச்சி கையிலிருந்த டேப்பை மேஜைக்குள் போட்டு மூடினார். "சரி, இருக்கதுலேயே சின்ன கார்டா தாரேன். ஆனா கார்டு மட்டும் போதாது. எந்தப் பாகத்தால கம்ப்யூட்டர் மெதுவாகுதுன்னு பாருங்க, அதையும் மாத்தணும்," என்றார்.

பார்த்தார்கள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்துவிட்டு, அது இல்லாமல் கம்ப்யூட்டர் வேகமாக ஓடுகிறதா என்று சோதித்தார்கள். ரேமைக் கழற்றினால் பீப் பீப் என்று கத்தியது. பிராசஸரைக் கழற்றினால் கத்தக்கூட இல்லை. கார்டைக் கழற்றினால் திரை இருண்டது. ஃபேனைக் கழற்றியபோது மட்டும் மூன்று நிமிஷம் ஓடிவிட்டு நின்றது.

"மத்ததெல்லாம் இல்லேன்னா ஓடவே மாட்டேங்குது. அப்ப அதெல்லாம் நல்லா உழைக்குதுன்னுதானே அர்த்தம்," என்றார் மைதீன். "ஃபேன் இல்லாமத்தான் மூணு நிமிஷம் ஓடுச்சு. சோம்பேறி அதுதான்."

யாக்கோபுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒன்பது வருஷம் சுற்றிய ஃபேனை இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

போட்டிக்கு முந்தின நாள் புது கார்டும் புது ஃபேனும் வாங்கினார்கள். "கம்ப்யூட்டரைக் கொண்டாங்க, நானே பூட்டித் தாரேன்," என்றார் அண்ணாச்சி. பழசிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அப்படிச் செய்வது முறையில்லை என்று நாலு பேரும் அட்டைப்பெட்டிகளோடு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

பின்னறையில் யோசனை நடந்தது.

"புதுசுக்கு நம்ம மண்டபம் தெரியுமா? கீழத்தெருக்காரனைத் தெரியுமா?" என்று கேட்டார் மைதீன்.

"தெரியாது," என்றார் சுடலைமுத்து.

"பழசு எட்டுப் போட்டி பார்த்திருக்கு. புதுசை எடுத்த எடுப்புல எறக்கிவிட்டா மிரண்டுராதா?"

செல்லக்கனிக்கு உடனே பூட்டிவிடத்தான் ஆசை. ஆனாலும் பழைய கார்டு அவர் வாங்கியது, ஒரு நாள்கூட லீவு கேட்காதது. மனசு கேட்கவில்லை. "இந்த ஒரு போட்டிக்குப் பழசே ஆடட்டும். புதுசு பக்கத்துல இருந்து பார்த்துக் கத்துக்கிடட்டும்," என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பழைய கம்ப்யூட்டருக்கு எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கார்டின் பெட்டியை ஒன்றிலும் ஃபேனின் பெட்டியை இன்னொன்றிலும் உட்காரவைத்தார்கள். நாலு மணிக்கு ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே மிச்சமிருந்த அரிசி ஃபேனில் பட்டுக் கடகடவென்று பறந்தது. நாலு பேரும் அவரவர் இடத்தில் கை வைத்தார்கள். விளையாட்டு ஐந்தே காலுக்குத் திறந்தது. போட்டி முடிந்துவிட்டது என்று திரையில் எழுதிக் காட்டியது. செல்லக்கனி விரலை எடுக்கவே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடும்வே, புதுசு கத்துக்கிட்டுதுல்ல," என்று தேற்றினார் யாக்கோபு.

அதைக் கேட்டதும்தான் செல்லக்கனிக்குத் திக்கென்றது. மறுநாள் கடை திறக்கும் முன்னே நாலு பேரும் டவுனில் நின்றார்கள்.

அண்ணாச்சி பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தார். "சீலே பிரிக்கலையே, என்ன பழுது?"

"பழுதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி," என்றார் செல்லக்கனி. "நேத்து ஒண்ணேகால் மணி நேரம் எங்க பழசு கிட்ட உட்கார வச்சுட்டோம். அது மெதுவா வேலை பார்த்ததைப் பூராவும் கண்கொட்டாம பார்த்திருச்சு. இனிமே இது எங்க உருப்படப் போகுது. பழசைப் பார்க்காததா வேற குடுங்க."

அண்ணாச்சி பெட்டிகளை உள்ளே கொண்டுபோய், வேறு பையில் போட்டு, அதையே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். செல்லக்கனிக்கு நிம்மதியாக இருந்தது. தோள்துண்டை எடுத்துப் பெட்டிகளை நன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டார். சுடலைமுத்து ஊருக்கு முன்னால் ஓடிப்போய், பின்னறையில் பழைய கம்ப்யூட்டரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அடுத்த வருஷம் ஒரு குண்டாவது சுட்டே தீருவது என்றும், அந்தப் போட்டி முடிகிறவரை துண்டை அவிழ்ப்பதே இல்லை என்றும் நாலு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.