பச்சைப் பலகை வேலி

தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரர் என்று தம்மை நினைப்பவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் கேளுங்கள்.

கோத்தகிரியில் ஞானதுரை என்றொரு பள்ளி ஆசிரியர். புற்றுநோய்க்காக அவர் தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். பேச்சும் போயிற்று. மூன்று மாதம் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் அவர் மனைவி எஸ்தரிடம் சொல்லியிருந்தார். மனிதருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான். முற்றத்து வெயிலில் உட்கார வேண்டும், ஆனால் தன் முகத்தை வெளியார் ஒருவரும் பார்க்கக் கூடாது. அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். எஸ்தர் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

புரட்டாசியில் ஆளுயர மரவேலி போட வேலப்பன் ஆசாரி வந்தார்.

"இது இப்ப அறுத்த பச்சைப் பலகைம்மா. மூணு மாசம் காயப்போட்டு அடிச்சா அப்படியே நிக்கும். இப்பவே அடிச்சா தைப் பனிக்காத்துல சுருங்கி இடுக்கு விட்டுரும்."

"மூணு மாசத்துக்கு நான் எங்க போவேன் ஆசாரியாரே? இப்பவே அடிங்க," என்றாள் எஸ்தர். இடுக்கு விழுந்தால் அதன்மேல் மரச்சட்டம் அடித்து மூடித் தருவதாக ஆசாரி வாக்குக் கொடுத்தார்.

வேலி எழுந்தது. வெயில் தலைகாட்டிய நாளெல்லாம் ஞானதுரை வெளியே வந்தார். வேலிக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டுப் போஜன், இருபது வருட நண்பர், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊர்வம்பெல்லாம் பேசுவார். ஞானதுரை கைத்தடியால் பலகையைத் தட்டிப் பதில் சொல்வார். மருத்துவர் சொன்ன கெடு தாண்டி, தையும் பிறந்தது.

பலகைகள் சுருங்கி விரல் அகலத்துக்கு இடுக்கு விழுந்தது. முதலில் கண்டவர் போஜன். நண்பரின் முகமும் அதன் வழியே தெரிந்தது. இடுக்கைப் பற்றிச் சொன்னால் முகத்தைப் பார்த்ததையும் சொன்னதாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் தினமும் வந்தார், பழைய குரலிலேயே பேசினார். கண் மங்கிப்போன ஞானதுரைக்கு இடுக்கு தெரியவில்லை. மருந்தும் அடுப்புமாகக் கிடந்த எஸ்தர் ஏழாம் நாள்தான் கவனித்து ஆசாரிக்கு ஆள் அனுப்பினாள்.

எட்டாம் நாள் காலை ஆசாரி சட்டங்களோடு வந்தார். பல நாள் வலிக்குப் பிறகு ஞானதுரை வெயிலில் கண்ணயர்ந்திருந்தார்.

"தூங்கட்டும்மா. சுத்தியல் சத்தம் வேண்டாம், நாளைக்கு அடிக்கிறேன்."

அன்று போஜன் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்த பெண் இடுக்கில் எட்டிப் பார்த்து, "ஐயோ, என்ன மூஞ்சி இது!" என்று அலறினாள். விழித்த ஞானதுரை தட்டுத்தடுமாறி உள்ளே போனார். பிறகு வெளியே வரவே இல்லை. உள்ளே போன பத்தாம் நாள் அந்த இருட்டறையிலேயே உயிர் போயிற்று.

பச்சைப் பலகையை அடிக்கச் சொன்ன எஸ்தர், மறுநாளைக்குத் தள்ளிப்போட்ட ஆசாரி, பார்த்தும் சொல்லாத போஜன். இவர்களில் பிழை செய்தவர் யார்?

என் விடை இது. எஸ்தரின் அவசரத்தால் அவருக்கு நாலு மாத வெயில் கிடைத்தது. ஆசாரி கொடுத்தது ஒரு நல்ல தூக்கம். பிழை போஜனுடையதுதான். இடுக்கை மறைத்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்தப் பத்து நாளில் ஒருமுறையாவது அறைக்குள் போய், "எட்டு நாளா உன் முகத்தைப் பார்த்துக்கிட்டேதான்யா பேசினேன்" என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஞானதுரை அது தெரியாமலே செத்தார்.