மூன்றாம் தடவை திருகியவள்

இருட்டிய பிறகு கப்பலின் பின்தளத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கிரீச். சற்று அமைதி. மறுபடி கிரீச்.

எலியாக இருக்க முடியாது. எலிக்குக்கூட இந்நேரம் சலித்திருக்கும்.

அமலி போர்வையை உதறிவிட்டு வெளியே வந்தாள். பின்தளத்து விளக்கடியில் நளாயினி இரும்புக் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க அக்கா?"

"திருகெல்லாம் மூடியிருக்கான்னு பார்க்கிறேன்."

"சாயங்காலமே மூடினீங்களே."

"மூடினேன். அப்புறம் ஒரு தடவை பார்த்தேன். இது மூணாவது."

"எப்படிப் பார்க்கிறீங்க?"

"கொஞ்சம் திறந்து, மறுபடி மூடி."

அமலி வானத்தைப் பார்த்தாள். அங்கேயும் உதவி இல்லை.

*

அது கடலை ஆராயும் கப்பல். வங்காள விரிகுடாவில் பத்தொன்பது நாளாக நின்று நின்று போய்க்கொண்டிருந்தது.

கூட்டில் இருபத்துநான்கு பாட்டில்கள் வட்டமாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் காற்று போக ஒரு திருகு, அடியில் தண்ணீர் பிடிக்க ஒரு குழாய்; இறக்கும் முன் இரண்டையும் மூடிவிட வேண்டும். மேலும் கீழும் வாய் திறந்தபடி கம்பிவடத்தில் இறங்கும். ஆழத்துக்கு ஒன்றாக வாயை மூடிக்கொண்டு, அந்த ஆழத்துத் தண்ணீரோடு மேலே வரும். அந்தத் தண்ணீருக்குத்தான் விஞ்ஞானிகள் காத்திருப்பார்கள்.

கூட்டைத் தயார் செய்து இறக்குவது டெக்னீஷியனின் வேலை. பகலுக்கு அமலி, இரவுக்கு நளாயினி. காகிதத்தில் அப்படி.

நடப்பில் இரண்டுக்கும் அமலிதான். ஒரு ராத்திரியில் நளாயினி ஐந்து தடவை வந்து எழுப்பினால் அதற்குத் தூக்கம் என்று பெயர் இல்லை.

அமலி ஒன்பது வயது இளையவள். கடலில் பன்னிரண்டு பயணம் மூத்தவள். நளாயினி கரையிலிருக்கும் ஆய்வகத்தில் கருவிகளைப் பழுது பார்த்தவள். இது முதல் பயணம். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

"இந்தப் பயம் எப்போ போகும், அமலி?"

"எனக்கு எப்போ தூக்கம் வரும்னு கேளுங்க. அதுக்குப் பதில் சொல்றேன்."

*

நள்ளிரவில் கூடு இறங்கியது. மூன்று மணி நேரம் கழித்து, சொட்டச் சொட்ட மேலே வந்தது.

கம்பிவடத்தை இறக்கி ஏற்றும் வின்ச்சை ஓட்டும் ராயப்பன் தன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்தப் பாட்டிலுக்கெல்லாம் கழுத்து சுளுக்கிக்கப் போகுதும்மா. எத்தனை தடவைதான் திருகுவீங்க?"

நளாயினி சிரிக்கவில்லை.

அமலி ஒரு பாட்டிலின் முன்னால் நின்றாள். "அக்கா, பாட்டில் நிறைய தண்ணி இருக்கு. மேல்திருகைத் தொடல. கீழே குழாயைத் திறக்கிறேன். தண்ணி வரணுமா, வரக் கூடாதா?"

"வரக் கூடாது."

"ஏன்?"

"மேலே காத்து போக வழியில்லன்னா கீழே தண்ணி வராது. வந்தா, திருகு மூடல. வர்ற வழியெல்லாம் மேல்தண்ணி கலந்திருக்கு."

"இவ்வளவு தெரியுது."

குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. அடுத்தது. வரவில்லை.

பதினேழாம் பாட்டில் நளாயினியின் செருப்பில் பீய்ச்சியது.

இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாயிரம் மீட்டர் கீழேயிருந்து வந்த தண்ணீர், இனி யாருக்கும் உதவாது.

"முதல் தடவை இதை மூடினீங்களா?"

"மூடினேன்."

"ரெண்டாம் தடவை?"

"திறந்து மூடினேன்."

"மூணாம் தடவை?"

நளாயினி நனைந்த செருப்பைக் கழற்றி உதறினாள்.

"திறந்தேன். அப்போ பாப்பா ஞாபகம் வந்துடுச்சு. இருமல் மருந்தைக் குலுக்கிட்டுக் கொடுக்கணும். குலுக்கியிருப்பாங்களான்னு…"

"அப்புறம்?"

"அப்புறம் பதினெட்டுக்குப் போயிட்டேன் போல."

"நல்லாப் பார்த்திருக்கீங்க," என்றாள் அமலி.

*

தலைமை விஞ்ஞானி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி," என்றார். "இருக்கிறதிலேயே ஆழமானது. நாளை மறுநாள் ராத்திரி. உங்க ஷிஃப்ட். தனியா செய்ங்க. முடியலன்னா சொல்லிடுங்க, அடுத்த பயணத்துக்கு வேற ஆளைப் போட்டுக்கிறேன். ரெண்டு பேர் வேலையை ஒருத்தியை வெச்சு நான் வாங்க முடியாது."

நளாயினி தன் சிறிய நோட்டை எடுத்துக்கொண்டு அமலியிடம் வந்தாள். நாற்பத்தோரு வரிகள். சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு, ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் போட்ட மார்ஜின்.

"இதில ஏதாவது விட்டுப்போச்சா?"

அமலி முழுக்கப் படித்தாள்.

"விட்டுப்போச்சு."

"என்ன?"

"எப்போ நிறுத்தணும்னு எழுதல."

"அதைத்தான் கேட்கிறேன். எத்தனை தடவை பார்க்கணும்?"

"கையால ஒரு தடவை. கண்ணால ஒரு தடவை."

"அப்புறம்?"

"கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். கூடு மேலே வர்ற வரைக்கும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"அது எப்படி முடியும்?"

"முடியாதுதான். இதுல அந்த வேலைதான் கஷ்டம். மத்ததெல்லாம் திருகு."

நளாயினிக்குக் கோபம் வந்தது. "உங்களுக்குச் சொல்றது சுலபம். உங்க வீட்ல இருமிக்கிட்டு யாரும் இல்ல."

"இல்லதான்," என்றாள் அமலி. "ஆனா நீங்க பதினேழாம் பாட்டிலைத் திறந்து வெச்சதால பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?"

நளாயினி நோட்டை மூடிக்கொண்டு போனாள். போகிற வழியில் பின்தளத்துப் பக்கம் திரும்பினாள்.

"கூட்டுப் பக்கம் போனீங்கன்னா கையைக் கட்டிப்போடுவேன்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

*

கடைசி இடம். காற்று லேசாக ஏறியிருந்தது. கூடு பின்தளத்தில் தயாராக நின்றது.

நளாயினி கையால் ஒரு தடவை பார்த்தாள். கண்ணால் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள்.

நான்கு நிமிடம் தாங்கியது.

அமலியின் அறைக்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கப்பலில் டெக்னீஷியன்கள் தாழ்ப்பாள் போடுவதில்லை. எந்த நேரமும் யாராவது ஓடிவந்து எழுப்ப வேண்டியிருக்கும். பன்னிரண்டு பயணத்தில் அமலி ஒரு நாளும் போட்டதில்லை.

நளாயினி கதவைத் தள்ளினாள். "அமலி."

"ம்."

"கூட்டுல உப்பு அளக்கிற கருவியில மாட்டியிருந்த ரப்பர் குழாயைக் கழட்டிட்டேனா?"

"அது எங்கே இருக்கு?"

நளாயினி சட்டைப்பையைத் தொட்டாள். ரப்பர் குழாய் அங்கேதான் இருந்தது.

"இங்கேதான் இருக்கு."

"போங்க."

போனாள். திரும்பி வந்தாள்.

"அமலி."

"இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் முடிஞ்சுது. ஒரே ஒரு தடவை நீங்க வந்து பார்த்துட்டா…"

"ஒழுங்கா இல்லாதது எது?"

"எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு."

"அப்போ நான் வந்து எதைப் பார்க்கிறது?"

நளாயினியின் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. ராயப்பன். "அம்மா, காத்து ஏறிக்கிட்டே இருக்கு, இப்படியே நிக்க முடியாது. இறக்கலாமா, வேணாமா? யாராவது ஒருத்தர் சொல்லுங்கப்பா!"

நளாயினி வாக்கிடாக்கியை அமலியிடம் நீட்டினாள்.

அமலி எழுந்தாள். தலைமுடியை முடிந்துகொண்டாள். செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள்.

அப்பாடா, வருகிறாள். நளாயினி வழிவிட்டு ஒதுங்கினாள்.

அமலி வாசல் வரை வந்தாள். வாக்கிடாக்கியை வாங்கினாள். ஒலியைக் கூட்டினாள். நளாயினியின் உள்ளங்கையைத் திருப்பி, அதில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நளாயினி மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. தள்ளினால் திறக்கும்.

கைப்பிடியில் கை வைத்தாள். உலோகம் சில்லென்றிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், ஒருத்தி நின்று மூச்சு விடுவது கேட்டது.

"அம்மா!" என்றது வாக்கிடாக்கி. "இருக்கீங்களா, தூங்கிட்டீங்களா?"

நளாயினி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

"இறக்குங்க," என்றாள்.

"யாரு பேசறது? அமலியா?"

"நளாயினி. என் ஷிஃப்ட். இறக்குங்க."

பின்தளத்தில் வின்ச் உறுமியது. கம்பிவடம் இறங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.