உறுமன் குடித்த பச்சைக் கூழ்

புளியமரங்கள் நெருங்கி வளர்ந்த ஒரு காட்டில் உறுமன் என்ற கரடியும் அவன் மனைவி சடைச்சியும் வாழ்ந்தார்கள், குழந்தைகளே. உறுமனுக்கு எதுவும் சுள்ளென்று இருக்க வேண்டும். புளியம்பிஞ்சைக் கொத்தாகக் கடிப்பான். அதோடு ஒரு பிடி செவ்வெறும்பையும் போட்டு மெல்லுவான்.

அந்தக் கோடையில் அவனுக்கு வயிறு எரியத் தொடங்கியது. "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே குகை மூலையில் சுருண்டு கிடந்தான். தேனடையைக் கொண்டுவந்து வைத்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. சடைச்சிக்குப் பகீரென்றது.

ஓடைக்கரைக்கு ஓடினாள். கட்டுக்கொடி இலைகளைப் பறித்து, பாறைக் குழியில் கிடந்த தண்ணீரில் கசக்கிப் பிழிந்தாள். சற்று நேரத்தில் தண்ணீர் பச்சைக் கூழாக உறைந்தது. அதைச் சுரைக்குடுக்கையில் அள்ளிவந்தாள்.

"இதைக் குடியுங்கள். வயிற்றுப் புண்மேல் பூச்சுப்போலப் படிந்துகொள்ளும். எரிச்சல் அடங்கும்."

உறுமன் மூக்கைச் சுளித்தான். "வழவழ கொழகொழவென்று, சீ! இதையா நான் குடிப்பேன்? என் வயிறு நன்றாகத்தான் இருக்கிறது!"

சடைச்சி கெஞ்சினாள், கோபித்தாள். அவன் பாறைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவள் வெளியே போய் உட்கார்ந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினாள்.

உறுமன் தடதடவென்று எழுந்து வந்தான். "என்ன ஆயிற்று உனக்கு?"

"எனக்கும் வயிறு எரிகிறது. உங்களோடு சேர்ந்து நானும் புளியம்பிஞ்சு தின்றேனே!"

"அப்படியானால் அந்தக் கூழைக் குடி!"

"ஐயோ, வழவழவென்று இருக்கிறதே. தொண்டையில் இறங்காது."

"இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? இங்கே பார்!" கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினான். "பார்த்தாயா? இப்போது நீ."

சடைச்சி நாக்கு நுனியால் தொட்டாள். "இன்னும் ஒரு வாய் நீங்கள் குடித்தால்தான்..."

இப்படியே குடுக்கை காலியானது. பெரும்பங்கு உறுமனின் வயிற்றுக்குள்தான் போயிருந்தது.

மறுநாளிலிருந்து அவனே இலை பறித்துவந்தான், மனைவிக்காக! புளியமரத்துப் பக்கம் அவளைப் போகவிடவில்லை. அவளுக்கு ஆசை வந்துவிடக் கூடாதே என்று தானும் போகவில்லை.

மழைக்காலம் வந்தபோது அவன் கொழுகொழுவென்று தேறியிருந்தான். வழியில் கண்ட முள்ளம்பன்றியிடம் மார்தட்டினான்: "என் மனைவிக்கு வயிற்றில் புண். அவள் முரண்டு பிடித்தாள். நான்தான் விடாமல் குடிக்கவைத்துக் காப்பாற்றினேன்!"

முள்ளம்பன்றி, கூடவே வந்த சடைச்சியைப் பார்த்தது.

"ஆமாம் அண்ணா," என்றாள் சடைச்சி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இவர் மட்டும் இல்லையென்றால் என் கதி என்ன ஆகியிருக்கும்!"

நீதி: தனக்கென்றால் முரண்டு பிடிப்பவரும், தான் நேசிப்பவருக்கென்றால் இறங்கிவருவார்.