கிணற்று ஆமைக்கு ஓர் அறை

"சாமி, வீட்டுல ஆமையை எங்கன வைக்க?"

ஆவுடையப்பன் வந்ததும் வராததுமாகக் கேட்டது இதுதான்.

பாறையடி சாமி கண்ணைத் திறந்தார். முக்தி எப்போது கிடைக்கும் என்று கேட்டு அந்தப் பாறைக்கு ஆட்கள் வந்ததுண்டு. மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டு வந்தவர்கள் அதைவிட அதிகம். ஆமையை யாரும் கொண்டுவந்ததில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி," என்றார்.

சாமி வயதில் ஆவுடையப்பனுக்கு இளையவர். சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடும் குரு அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் மூன்று கேள்வி கேட்டுவிடும் சீடரும் ஆவுடையப்பன் ஒருவர்தான். இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

ஆவுடையப்பன் பையிலிருந்து பிளானை எடுத்து விரித்தார்.

"பழைய வீடு ரோட்டை அகலமாக்கப் போவுதுல்லா. இது புது வீடு. நானே யோசிச்சு யோசிச்சுப் போட்டது."

சாமி குனிந்து பார்த்தார்.

"இந்த இடம் நாய்க்கு. டைல்ஸ் கிடையாது. சொரசொரப்புத் தரை. பழைய வீட்டு மொசைக்ல வழுக்கி வழுக்கியே அதுக்கு இடுப்பு போச்சு."

"இது?"

"பூனைக்கு. கிழக்கு ஜன்னல்ல அகலமா ஒரு திட்டு. காலை வெயில் நேரா அது மேல விழும். பின்கதவுல கீழ பாத்தீங்களா? அதுக்குன்னு சின்னதா ஒரு வழி. நினைச்சா வரும், நினைச்சா போவும். என்னை எழுப்ப வேண்டாம்."

வீட்டைக் காட்டுகிற மனிதர் தான் படுக்கப்போகும் அறையைக் காட்ட மறந்துவிட்டார். சாமிக்கு அது பிடித்திருந்தது.

"ஆமை?"

ஆவுடையப்பன் முகம் தொங்கிப்போயிற்று.

"அது எங்க கிணத்துல கிடக்கு, சாமி. தண்ணி சுத்தமா இருக்கட்டும்னு எங்க தாத்தா விட்டது. தாத்தா போயாச்சு. அப்பா போயாச்சு. அது இருக்கு. கிழவன்னு கூப்பிடுவோம். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது கீரையைக் கிள்ளிப் போட்டா மேல வந்து என்னைப் பாக்கும். இப்பவும் வரும். அந்தக் கிணத்தை மூடப்போறாங்க. புது மனையில போர் குழாய்தான். கிழவன் எங்க போவான்?"

"வீட்டுலயே ஒரு தொட்டி கட்டி வைங்களேன்."

"வடிவு விடமாட்டேங்கா."

சண்முகவடிவு அவர் மனைவி. வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவள் பிறந்த ஊரிலும் சொன்னார்கள், வாழ வந்த ஊரிலும் சொன்னார்கள். கிணற்றுக்குள் கிடக்கிற வரைக்கும் ஆமையால் தொந்தரவு இல்லை. வாசற்படி தாண்டினால்தான் ஆபத்து. மற்ற நாளாக இருந்தால் அவளும் விட்டுக்கொடுத்திருப்பாள். இப்போது மகள் முத்துச்செல்வி உண்டாகியிருக்கிறாள். முன்னால் இரண்டு தரம் தங்கவில்லை. இந்தப் பிள்ளை இந்தப் புது வீட்டில்தான் பிறக்க வேண்டும். அந்தத் தாய்க்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"பெருமாளே ஆமையா வந்தாரு, நாம கும்பிடலையான்னு கேட்டேன் சாமி."

"என்ன சொன்னாங்க?"

"சிங்கமாவும்தான் வந்தாரு, அதையும் ஒண்ணு பிடிச்சுட்டு வாங்க, அடுப்படியில கட்டிப்போடுவோம்கா."

சாமி வாய்விட்டுச் சிரித்தார்.

"குளத்துல விடலாமே அண்ணாச்சி."

"குளம் பூரா தூண்டில். அது கிணத்தை விட்டா வேற எதையும் கண்டதில்லை. நானே கொண்டுபோயி ஒருத்தன் சட்டியில போட்ட மாதிரி ஆயிரும்." ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பத்து நாளா கிணத்துச் சுவத்தைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. வீடு போறது அதுக்கும் தெரிஞ்சிருக்கு."

"இதுக்கு முன்னாடி பிறாண்டினதில்லையா?"

"வருசா வருசம் கார்த்திகை வாக்குல பிறாண்டும். குளிரும்லா."

"போன வருசம் வீடு போகலையே."

"அதான் சொன்னேனே, குளிரு."

சாமி பிளானில் நாயின் இடத்தின் மேல் விரலை வைத்தார்.

"நாய்க்குச் சொரசொரப்புத் தரை வேணும்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கூடவே இருந்து பாக்கேன்லா."

"பூனைக்கு வெயில் வேணும்னு?"

"அதுவும் பாத்ததுதான்."

"ஆமைக்கு என்ன வேணும்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். ஒரு ஆயுசு முழுக்க மேலேயிருந்து அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறார்.

சாமி பிளானை எடுத்துக் குப்புறப் போட்டார். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. பறந்துவிடாமல் அதன்மேல் ஒரு கல்லை வைத்தார்.

"இந்தப் பக்கம் ஆமைக்கு," என்றார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே சாமி."

"அதை மனைக்குக் கொண்டு வாங்க. தரையில விட்டுட்டுப் பின்னாடியே நடங்க. முன்னாடி போகாதீங்க."

"நாளைக்கு வாஸ்து பூசை. அஸ்திவாரம் தோண்ட ஆள் வருது."

"நாளைக்கே கொண்டு வாங்க. நானும் வாரேன்."

*

மறுநாள் காலையில் மனை சுத்தமாக இருந்தது. கொத்தனார் அந்தோணிமுத்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வீட்டைத் தரையில் வரைந்து வைத்திருந்தார். கூடம், அடுப்படி, படுக்கையறைகள் எல்லாம் வெள்ளைக் கோட்டுக்குள் தெரிந்தன. ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாறையுமாக நின்றார்கள். சண்முகவடிவு மூலையில் குடத்து நீரும் மஞ்சளும் தேங்காயும் வைத்துப் பூசைக்குத் தயாராக இருந்தாள்.

அப்போதுதான் ஆவுடையப்பன் கூடையோடு வந்தார்.

ஆமை தாம்பாளம் அகலத்துக்கு இருந்தது. முதுகெல்லாம் பாசி. தரையில் விட்டதும் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாகிவிட்டது.

"சுவரு எழும்பல, அதுக்குள்ள ஆமை வந்தாச்சு," என்றாள் சண்முகவடிவு. "நல்லா விளங்கும்."

சாமி ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். அவர் வந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். முகத்தில் இருந்த கோபத்தை மூடவில்லை.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு மூக்கு வெளியே வந்தது. கழுத்து நீண்டது. நான்கு கால்களும் மண்ணை அழுத்திப் பார்த்தன. மூன்று தலைமுறைக்குப் பிறகு அதன் காலடியில் மண்.

நடக்கத் தொடங்கியது.

ஆவுடையப்பன் பின்னாலேயே நடந்தார். அவ்வளவு மெதுவாக அவர் வாழ்நாளில் நடந்ததில்லை. ஒரு அடி வைத்துவிட்டு நின்று சுற்றிப் பார்க்க நேரமிருந்தது. தான் வாங்கிய மனையில் எந்தப் பக்கம் ஈரம் அதிகம், எறும்பு எங்கே போகிறது, வேம்பின் நிழல் எதுவரைக்கும் விழுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. கேட்க நிறைய இருந்தும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆமை கூடத்துக் கோட்டை அழித்துக்கொண்டு போயிற்று. அடுப்படிக்குள் நுழைந்து வெளியே வந்தது. நாய்க்கு வைத்த இடத்தை மோந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பியது. வேம்பின் பக்கமிருந்த அறைக்கோட்டைத் தாண்டி உள்ளே போய் நின்றது.

சண்முகவடிவு அலறிவிட்டாள்.

"அய்யோ, அது செல்விக்குன்னு உள்ள ரூமு!"

ஆட்கள் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள்.

"தூக்குங்க அதை! எத்தனை இடம் கிடக்கு, எம்புள்ளை படுக்கப்போற இடந்தானா கிடைச்சுது? தூக்கி வெளிய எறியுங்கன்னா!"

ஆவுடையப்பன் குனிந்தார். கையை நீட்டிவிட்டார்.

"முன்னாடி போகாதீங்க அண்ணாச்சி," என்றார் சாமி.

"சாமி, அவ அழுதாள்லா!"

"அவங்களையே வந்து தூக்கச் சொல்லுங்க."

சண்முகவடிவு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். தூக்கத்தான் வந்தாள். அவள் கண்ணில் இருந்த ஆத்திரத்துக்கு ஆமையை ரோட்டுக்கே எறிந்திருப்பாள்.

பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.

ஆமை பின்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. இடது கால் ஒரு பிடி மண் எடுத்தது. அப்புறம் வலது கால் எடுத்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை. நடுவில் நின்று, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விட்டது. மறுபடியும் தோண்டியது.

சண்முகவடிவு மெல்ல உட்கார்ந்தாள்.

"இதுக்கு வலி எடுத்திருக்கு," என்றாள்.

"எதுக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

அவள் தலையை நிமிர்த்தி எல்லாரையும் பார்த்தாள். இப்போது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஆம்பளையாளுங்க எல்லாம் அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க."

கொத்தனார் திரும்பினார். மண்வெட்டிக்காரர்கள் திரும்பினார்கள். ஆவுடையப்பன் திரும்பினார். சாமியும் எழுந்து திரும்பி நின்றுகொண்டார்.

வெட்டவெளியில், சுவரில்லாத ஒரு அறையின் வாசலில், அத்தனை ஆண்களும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். காக்கை ஒன்று கத்தியது. அப்புறம் அதுவும் கத்தவில்லை.

"ம்," என்றாள் சண்முகவடிவு பின்னால். யாரிடம் சொன்னாள் என்று கேட்கத் தேவையில்லை. "அவ்ளோதான், அவ்ளோதான்."

மண்வெட்டிக்காரர்கள் கால் மாற்றி நின்றார்கள்.

"வந்துட்டு," என்றாள். "வெள்ளையா இருக்கு. பல்லு மாதிரி."

பிறகு, "இன்னொண்ணு."

ஆவுடையப்பன் சாமியின் காதருகே குனிந்தார்.

"சாமி, கிழவன்..."

"கிழவன் இல்லை அண்ணாச்சி."

"எங்க தாத்தா, அப்பா, நான், யாருமே..." அவர் நிறுத்தினார். வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. "அப்ப வருசா வருசம் சுவத்தைப் பிறாண்டினது?"

"மண்ணு தேடியிருக்கும்."

"கிணத்துல ஏது மண்ணு?"

சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப என்ன செஞ்சிருக்கும், சாமி?"

"தண்ணியிலதான் விட்டிருக்கும்."

அந்தத் தண்ணீரைத்தான் மூன்று தலைமுறையாகக் குடித்தார்கள். அதில்தான் சோறு பொங்கினார்கள். முத்துச்செல்விக்கு முதல் குளியலும் அந்தத் தண்ணீர்தான். ஆவுடையப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவர் வெட்கப்படவில்லை.

பின்னால் சண்முகவடிவு கேட்டாள்.

"அப்ப இத்தனை வருசத்துல ஒண்ணுகூடத் தங்கலையா இவளுக்கு?"

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா, சாமி?" ஆவுடையப்பன் முணுமுணுத்தார்.

"தெரியாது."

"பிறகு எப்படி இங்கன விடச் சொன்னீங்க?"

"தெரியாமத்தான்," என்றார் சாமி. அவர் கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. "எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"திரும்பலாம்," என்றாள் சண்முகவடிவு.

திரும்பினார்கள். குழி மூடிக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் மண்ணைத் தள்ளின, தட்டின, மறுபடியும் தட்டின. ஆமை தன் வயிற்றாலேயே தரையை அமுக்கிச் சமன் செய்தது. முடித்தபோது அங்கே தோண்டிய அடையாளமே இல்லை. கொத்தனார் அந்தோணிமுத்து எத்தனையோ தளம் போட்டவர். அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆமை நகர்ந்து நிழலில் போய்க் களைத்துக் கிடந்தது.

சண்முகவடிவு எழுந்துபோய்ப் பூசைக் குடத்தைத் தூக்கிவந்தாள். வீட்டுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர். அதை ஆமையின் முதுகில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மண் கரைந்து ஓடியது. ஆமை கண்ணை மூடிக்கொண்டது.

"ஏங்க."

"சொல்லு வடிவு."

"வேம்புப் பக்கமா ஒரு தொட்டி கட்டணும். கிணறு மாதிரி செங்குத்தா வேண்டாம். ஒரு பக்கம் சரிவா வைங்க. அவ நினைச்சப்போ ஏறி வரணும்."

"சரி."

"ஏறி வந்தா மண்ணு இருக்கணும். சிமெண்ட் பூசிறாதீங்க."

"சரி, சரி."

ஆட்களில் ஒருவன் கையில் கடப்பாறையை மாற்றிக்கொண்டான். வெயில் ஏறிவிட்டது. கொத்தனார் தயங்கித் தயங்கி முன்னால் வந்து, அழிந்துபோன கோடுகளைப் பார்த்தார்.

"அக்கா, நல்ல நேரம் முடியப்போவுது. இந்த மூலையிலதான் முதல்ல தோண்டணும்," என்றார் உரக்க. "கடப்பாறையைப் போடச் சொல்லட்டா?"

சண்முகவடிவு உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "உள்ள ஆள் இருக்கு."